பெரியப்பா நிற்பாட்டிய மோட்டர்

அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே கிணற்றைப் பங்காக வைத்துக்கொண்டு காலமெல்லாம் சண்டை சச்சரவில்லாமல் தண்ணீர் இறைத்தார்கள் என்று சொன்னால் புத்தூரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் அருளம்பலமும் கனகலிங்கமும் அப்படித்தான் இறைத்தார்கள். பின்னேர முறை அண்ணனுக்கு, விடிகாலை முறை தம்பிக்கு. ஒருவர் முறையில் மற்றவர் கிணற்றடிக்குப் போனால் அது வெற்றிலை போட்டுக்கொண்டு கதைக்கத்தான். அந்தச் சமாதானத்தைக் கெடுக்க வெளியாள் எவரும் வரத் தேவைப்படவில்லை. கனகலிங்கத்தின் மகன் சிவதர்ஷனே அதை ஒரு சாம்பல் நிறப் பெட்டியில் போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான்.

சிவதர்ஷன் படித்த பிள்ளை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரம், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் சின்னக் கம்பனி ஒன்றில் வேலை. தோட்டக் கிணறுகளுக்கு மோட்டரைக் கட்டுப்படுத்தும் பெட்டி செய்வது அவர்களுடைய தொழில். பெட்டிக்குள் இருப்பதும் ஒரு குட்டிக் கணினிதான். கணினியின் அடிமட்டத்தில் கிடந்து மற்ற எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் நிரலைக் கேர்னல் என்பார்கள். அந்தக் கேர்னலுக்குள் புகுந்து, மோட்டரைப் போடவும் நிற்பாட்டவும் வேண்டிய துண்டை எழுதியவன் அவன். கேர்னலில் கை வைக்கிறவன் என்ற எண்ணம் அவனுக்குத் தலைக்குள் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. தொலைபேசித் திரையில் வடிவாகப் படம் வரைகிற பெடியளை அவன் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.

பெட்டியின் வேலை இதுதான். யாழ்ப்பாணத்துக் கிணற்றை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே கிடக்கும் உப்புச் சவர்த்தண்ணீர் மேலே ஏறிவிடும். ஆகவே தன் முறை முடிந்தவர் பெட்டியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தவேண்டும். மோட்டர் நிற்கும். அடுத்தவரின் முறை வரும்வரை பெட்டி அதைப் பூட்டி வைத்திருக்கும். நேரம் வந்ததும் தானே போட்டுவிடும். கனகலிங்கம் இருட்டோடு எழும்பிக் கிணற்றடிக்கு ஓடத் தேவையில்லை, விடிய வந்து வாய்க்காலைத் தன் பாத்திப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். தகப்பனுக்கு வலு புளுகம், பெருமை பிடிபடவில்லை. கிணற்றடியால் போய் வருகிறவர்களை எல்லாம் மறித்து, தன் மகன் செய்த சாமான் என்று காட்டினார். அருளம்பலமும் மறுப்புச் சொல்லவில்லை. தர்ஷன் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்றார்.

பங்குனி வெயில் எரித்த ஒரு நாள் விடிய, கனகலிங்கம் தோட்டத்துக்குப் போனபோது மோட்டர் சூடேறி முனகிக்கொண்டிருந்தது. அண்ணனுடைய வெங்காயப் பாத்திகளில் தண்ணீர் முழங்காலளவு தேங்கி நின்றது. கிணறு அடி காண இறைபட்டிருந்தது. மிச்சமிருந்த தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்தார். சவர். இராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. வெங்காயம் முற்றுகிற நேரத்தில் கிணறு சவராவது என்பது தோட்டக்காரனுக்கு வாயில் மண் விழுகிற கதை.

அருளம்பலத்தைக் கூப்பிட்டார்கள். மனிசன் பதறியடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, தான் நிற்பாட்டியது நிச்சயம் என்றார். பொழுதுபடுகிற நேரம் கறண்ட் போனது, கொஞ்சத்தால் வந்தது, வந்தவுடன் பொத்தானை அழுத்தி நிற்பாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்ததாகச் சொன்னார். கனகலிங்கம் கேட்டது ஒரே கேள்வி: தண்ணீர் யாருடைய பாத்தியில் நிற்கிறது?

சிவதர்ஷன் கிணற்றுக்கட்டில் மடிக்கணினியை விரித்து, பெட்டி எழுதிவைத்திருந்த பதிவைப் பார்த்தான். மோட்டர் விடியும்வரை ஓடியிருந்தது. பொழுதுபடும் நேரத்தில் இரண்டொரு சிறு இடைவெளிகள் இருந்தன. அவற்றைக் கறண்டின் தலையில் போட்டான். பொத்தான் அழுத்தப்பட்டதா என்று பதிவில் பார்க்க வழியில்லை. அதை எழுதிவைக்க வேண்டும் என்று பெட்டியைச் செய்த நேரம் அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. அயலவர்கள் நாலைந்து பேர் வேலியோரம் கூடிவிட்டார்கள். தகப்பனுடைய வாயில் 'களவு' என்ற சொல் வரப்போகிறது என்று தெரிந்ததும், அதற்கு முந்திக்கொண்டு பெரியப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, மிகவும் தன்மையாகச் சொன்னான்:

"பெட்டி பிழை விடாது பெரியப்பா. வயசு போகப் போக ஆருக்கும் உப்பிடி வாறதுதான். நீங்கள் மறந்திருப்பியள்."

அருளம்பலம் அவனை நிமிர்ந்து பார்த்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். தன் பேச்சு எவ்வளவு பக்குவமாக இருந்தது என்று சிவதர்ஷன் அன்றைக்குத் தன்னையே மெச்சிக்கொண்டான். அதை நினைக்கும்போதெல்லாம் பின்னாளில் அவனுக்கு உடம்பு கூசியது.

கனகலிங்கம் மறதிக் கதையை ஏற்கவில்லை. ஆசைக்கு மறதி என்று பெயர் வைத்தால் சரியா என்று கேட்டார். அன்றோடு அண்ணன் வீட்டு வாசல் படலையைத் தாண்டுவதில்லை என்று நிறுத்திக்கொண்டார். கிணறு தெளிவதற்குள் அவருடைய வெங்காயத் தாள் மஞ்சளாகிச் சாய்ந்தது. அண்ணனுடைய வெங்காயம் வெள்ளத்தில் அழுகியது. சில நாளில் அருளம்பலம் மனைவி ஞானாம்பிகையிடம் சொல்லி அனுப்பினார்: தன் முறையையும் தம்பியே எடுத்துக்கொள்ளட்டும், தனக்கு இனித் தோட்டம் வேண்டாம். கனகலிங்கம் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துத்தான் கதை வேறு பக்கம் திரும்பியது. உடுப்பிட்டிப் பக்கம் கொடுப்பதற்காகப் புதிய பெட்டிகள் கம்பனி மேசையில் அடுக்கியிருந்தன. சிவதர்ஷனோடு வேலை செய்யும் ஆரபி அவற்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது கறண்ட் போய் வந்தது. வந்த கையோடு அவள் ஒரு பெட்டியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் ஒருவரும் தொடாமலே மறுபடி எரிந்தது.

"அண்ணை, இது தானா எழும்புது."

சிவதர்ஷன் நம்பவில்லை. பெட்டியை அணைத்து மறுபடி போட்டான். வழக்கம்போலக் கீழே இறங்கிப் பேக்கரியில் ஒரு தேத்தண்ணியும் ரோல்ஸும் முடித்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினான். விளக்கு அணைந்தது, அணைந்தபடியே இருந்தது. ஆரபி செய்தால் எழும்புகிறது, அவன் செய்தால் எழும்பவில்லை. ஆரபியின் கைப்பிழை என்று சொல்லக்கூட ஒரு கணம் வாய் உன்னியது.

அடுத்த சந்தேகம் கொம்பைலர்மீது. மனிதர் எழுதுவதை இயந்திரத்துக்கு விளங்கும் மொழியில் மாற்றிக்கொடுக்கும் நிரல் அது. தன் நிரலை அது சுருக்கி விரைவாக்கும்போது எங்கோ பிழை விடுகிறது என்று சிவதர்ஷன் தீர்மானித்தான். சுருக்காமல் மாற்றச் சொல்லிப் பெட்டியில் ஏற்றி, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பிழையைக் காணவில்லை. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? கொம்பைலரைச் செய்பவர்கள் கூடும் உலகப் பொது மன்றத்தில், உங்கள் கொம்பைலரில் பாரதூரமான பிழை இருக்கிறது என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு எழுதினான். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். அவள் பாவம், தன் ஊருக்குள்தான் சொன்னாள்.

முகம் தெரியாத ஒருவர் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார். மூன்றே கேள்விகள். பெட்டியிலுள்ள கணினிச் சில்லில், எண்ணைப் போட்டுவைக்கும் உங்கள் மாறியின் அகலம் எத்தனை பிட்? பெட்டிக்கு உயிர் வந்து ஐந்து நிமிடத்துக்குள் சோதித்தீர்களா? கொம்பைலரின் எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருக்கிறீர்களா?

வாசித்த உடனேயே சிவதர்ஷனின் காது சூடாகியது. பதிலை எழுதத் தேவையே இருக்கவில்லை.

கேர்னல் தனக்கு உயிர் வந்ததிலிருந்து துடிப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கும். பொத்தான் அழுத்தப்பட்டால், இப்போதைய எண்ணிக்கையோடு விடியும்வரைக்கான துடிப்புகளைக் கூட்டி, அந்த எண்வரை மோட்டரைப் பூட்டி வை என்று அவன் எழுதியிருந்தான். அந்த எண்ணைப் போட்டுவைக்க அவன் தெரிவு செய்த வகைக்குப் பெயர் லோங். அவனுடைய விலையுயர்ந்த மடிக்கணினியில் லோங்கின் அகலம் அறுபத்துநாலு பிட். அதில் எதைப் போட்டாலும் நிரம்பாது. பெட்டிக்குள் இருந்த மலிவுச் சில்லிலோ முப்பத்திரண்டு. அது நிரம்பினால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பப் பூச்சியத்தில் தொடங்கும்.

கேர்னலைச் செய்தவர்களுக்கு இவனைப் போன்றவர்களை முன்பே தெரியும். எண்ணிக்கையைப் பூச்சியத்தில் தொடங்கினால் அது நிரம்ப எத்தனையோ நாள் எடுக்கும், அதுவரை பிழை ஒளிந்திருக்கும். ஆகவே உயிர் வந்து ஐந்து நிமிடத்தில் நிரம்பும்படி, விளிம்புக்குக் கிட்டவே தொடங்கிவைத்திருந்தார்கள். பிழை விட்டவன் முதல் ஐந்து நிமிடத்திலேயே பிடிபடட்டும் என்று வைத்த பொறி அது. சிவதர்ஷன் அதில் ஒருநாளும் அகப்படவில்லை. அந்த ஐந்து நிமிடமும் அவன் கீழே ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

அந்த நேரத்துக்குள் யாராவது பொத்தானை அழுத்தினால் கூட்டிய எண் நிரம்பிக் கொட்டுண்டு சின்ன எண்ணாகிவிடும். கொஞ்சத்தால் பெட்டி எட்டிப் பார்க்கும். பூட்டின கெடு எப்போதோ கழிந்துவிட்டது, விடிந்துவிட்டது என்று எண்ணி மோட்டரைப் போட்டுவிடும்.

கொம்பைலர் இதைச் சொல்லாமலும் இல்லை. பெட்டியின் சில்லுக்காக முதன்முதல் மாற்றியபோது எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் திரையில் ஓடின. முக்கால்வாசியும் மற்றவர்களின் நிரல்களைப் பற்றியவை. எரிச்சலில் ஒரே ஒரு வரி எழுதி அதன் வாயை அடைத்துவிட்டான். இப்போது அந்த வரியை எடுத்துவிட்டுத் தேடினான். அவனுடைய கோப்பின் பெயர், சரியான வரி, பெரிய எண்ணைச் சிறிய இடத்தில் போடுகிறாய் என்ற எச்சரிக்கை, எல்லாம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் புத்தூர்க் கிணறு அவன் நினைவில் வந்தது. கறண்ட் வந்தவுடன் மோட்டரை ஓடவிடுகிறவன் யாழ்ப்பாணத்தில் தோட்டக்காரனே இல்லை. வோல்டேஜ் ஏறி இறங்கி மோட்டர் எரிந்துபோகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிவதர்ஷனின் வீட்டில் கறண்ட் வந்தால் தாய் ஓடிப்போய் ஃபிரிட்ஜின் பிளக்கைக் கழற்றுவாள். கழற்ற மறந்தால் அவளை ஏசுகிறவன் அவனேதான். அந்த ஊர் வழக்கப்படி மோட்டரை நிற்பாட்டுகிற ஒவ்வொருவரும் அவனுடைய பிழையின்மேல்தான் விரலை வைப்பார்கள். பெரியப்பாவும் அப்படித்தான் வைத்திருக்கிறார். அவர் நிற்பாட்டியிருக்கிறார். பெட்டிதான் போட்டிருக்கிறது.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

பிழையைத் திருத்த ஒரு வரி போதுமாக இருந்தது. திங்கட்கிழமையே புத்தூருக்குப் போய்க் கிணற்றடிப் பெட்டியில் புதியதை ஏற்றினான். சில சிறு திருத்தங்கள் என்று குறிப்பும் எழுதினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் குறிப்பும் எழுதிவைப்பதை இங்கேதான் பார்க்கிறோம். என்ன செய்கிறாய் என்று தகப்பன் கேட்டபோது, ஒன்றுமில்லை, துப்பரவாக்குகிறேன் என்றான். பெரியப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று, புத்தூர்க் கதை முழுக்கத் தெரிந்த ஆரபி கம்பனியில் கேட்டாள். இன்றைக்குச் சொல்கிறேன் என்றான். மறுநாளும் கேட்டாள். அதற்கும் அதே பதில். மூன்றாம் நாள் அவள் கேட்கவில்லை. அது அவனுக்கு இன்னும் உறைத்தது.

சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்டான். படித்தவன், கேர்னல் எழுதுகிறவன், தகப்பன் ஊரெல்லாம் பெருமையாகப் புளுகித் திரிந்த மகன். பெட்டி பிழை விடாது என்று நாலு பேருக்கு முன்னால் சொன்ன வாயால் இனி என்ன சொல்வது? அந்தச் சபையில் தன் தலை குனியும் என்பதுதான் அவன் கண்ணில் நின்றது. பெரியப்பாவின் தலை இரண்டு மாதமாகக் குனிந்தே இருக்கிறது என்பது நிற்கவில்லை.

சனிக்கிழமை ஞானாம்பிகைப் பெரியம்மா தொலைபேசி எடுத்தாள். தம்பி ஓர் உதவி செய்யவேணும், வீட்டுப் பக்கம் வந்துபோ என்றாள். போனான். உண்மை தெரிந்துவிட்டது என்று நினைத்தான். தெரிந்திருந்தால் நல்லது என்றும் நினைத்தான்.

பெரியம்மா அவனைக் குசினி அடுப்படிக்குக் கூட்டிப்போய்ச் சத்தமில்லாமல் சொன்னாள். அந்த மோட்டர்க் கதைக்குப் பிறகு இவர் ஆளே மாறிவிட்டார். தோட்டம் மட்டுமில்லை, ஒன்றிலும் தன்னை நம்புகிறாரில்லை. படலையைப் பூட்டிவிட்டு மூன்று தரம் போய்ப் பார்க்கிறார். வருடா வருடம் கோயிலில் புராணபடனத்தின்போது பாட்டுகளுக்குப் பயன் என்று பொருள் விரித்துச் சொல்கிறவர், இந்த முறை நடுவில் மறந்துபோனால் சபையில் வெட்கம் என்று மறுத்துவிட்டார். மறதி வியாதியாக இருக்கும் என்று கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு போய் வந்தாயிற்று. அவர்கள் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள், இவர் நம்பவில்லை. நீ கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளை, இவருடைய ஃபோனில் எல்லாவற்றையும் நேரத்துக்கு நேரம் ஞாபகப்படுத்துகிற மாதிரி மணி வைத்துத் தா.

பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்தது என்பார்கள். மிதித்த மாட்டையே கூப்பிட்டு நோவுக்கு எண்ணெய் பூசச் சொன்ன கதை இது.

அருளம்பலம் விறாந்தையில் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். அவனைக் கண்டதும் சிரித்து, ஃபோனை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, இவன் பதிந்தான். காலை மருந்துக் குளிசைக்கு ஒன்று. அடுப்பு அணைத்ததா என்று ஒன்று. சுவாமி விளக்குக்கு ஒன்று. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் பாடம் ஒப்புவிக்கிற பிள்ளையைப் போல அவர் பவ்வியமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"படலை பூட்டினதோ எண்டும் ஒண்டு போடு தம்பி. மோட்டரைப் போல அதையும் மறந்தனெண்டால் வீட்டிலை ஒண்டும் மிஞ்சாது."

சிவதர்ஷனுடைய விரல் திரையில் நின்றுவிட்டது. ஃபோனை மடியில் வைத்தான். அகலம், பிட், துடிப்பு என்று ஏதேதோ சொல்லத் தொடங்கினான். கொம்பைலர் என்றான். முப்பத்திரண்டு என்றான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதது தன் குறைதான் என்ற பாவனையில் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டல்தான் அவனை உடைத்தது.

"பெரியப்பா, நீங்கள் மறக்கேல்லை. நீங்கள் மோட்டரை நிப்பாட்டினீங்கள். நான் எழுதினது பிழை. என்ரை பெட்டிதான் திருப்பிப் போட்டது."

அருளம்பலத்தின் தலையாட்டல் நின்றது.

"அப்ப நான் நிப்பாட்டினனானோ?"

"ஓம்."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம் பெரியப்பா. கறண்ட் வந்து உடனை நிப்பாட்டினால் அது தானா எழும்பும். ஆர் நிப்பாட்டியிருந்தாலும் எழும்பியிருக்கும்."

அவர் எழுந்து குசினி வாசல்வரை போய் மனைவியைக் கூப்பிட்டார். நான் நிப்பாட்டினனானாம், கேட்டியோ, நான் நிப்பாட்டினனானாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் வந்து சிவதர்ஷனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஏசுவார் என்று காத்திருந்தவனுக்கு அவர் நன்றி சொன்னார். கண் கலங்கி, நல்லகாலம் தம்பி, நல்லகாலம் என்றார். ஒரு அடி அடித்திருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு பிடித்த கையை விடாமலே, மற்றக் கையால் ஃபோனை எடுத்து அவனிடமே கொடுத்து, போட்டதையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார். அவன் ஒவ்வொரு மணியாக அழித்துக்கொண்டிருந்தபோதுதான், மிகச் சாதாரணமாக, எப்போது தெரியவந்தது என்று கேட்டார்.

பொய் சொல்ல நல்ல இடம். இன்றைக்குத்தான், அதுதான் ஓடிவந்தேன் என்றால் கதை முடிந்தது. பெரியம்மா தேத்தண்ணி ஊற்றப் போயிருந்தாள்.

"போன கிழமை. இந்தத் திங்கட்கிழமை திருத்தினனான்."

அவருடைய கை அவன் கையிலிருந்து மெல்ல விலகியது. கோபம் இல்லை. முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"புதன்கிழமைதான் கிளினிக்குக்குப் போனது. இண்டைக்கு என்ன கிழமை ஐயா எண்டு அந்தப் பிள்ளை கேட்டது. புதன் எண்டு சரியாத்தான் சொன்னனான். சொல்லிப்போட்டு, சரியோ எண்டு உன்ரை பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தனான். அங்கை இருந்த சனமெல்லாம் பார்த்தது. நீ அண்டைக்குத் தெரிஞ்சுகொண்டு இருந்தனி."

"ஓம்," என்றான் சிவதர்ஷன்.

பெரியம்மா கொண்டுவந்த தேத்தண்ணியை அவன் குடிக்காமல் கதிரைக்குக் கீழே வைத்தான். தகப்பனுக்கு ஃபோன் எடுத்து, பெரியப்பா வீட்டுக்கு உடனே வரச் சொன்னான். அந்தப் படலைக்குள் தான் கால் வைப்பதில்லை என்று மறுமுனையில் கனகலிங்கம் சத்தம் போட்டது விறாந்தை முழுக்கக் கேட்டது. அப்படியென்றால் வீதியில் நில்லுங்கள், நான் வெளியே வந்து சொல்கிறேன், அன்றைக்கு வேலியோரம் நின்றவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றான் சிவதர்ஷன். சொல்லிவிட்டுப் படலையைத் திறந்து வெளியே போய், நல்ல வெயிலில் வீதியோரம் நின்றான்.